அந்தக் குறிப்பேட்டைக் கேட்டீர்களா?

அன்புள்ள ஐயா,

நானும் மனைவியும் பதினோரு ஆண்டுகள் சேமித்து வீடு வாங்கப் போகிறோம். இரண்டு அடுக்குமாடி வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று இப்போதுதான் கட்டி முடித்தது. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் உண்டு. மற்றது முப்பது வருடப் பழையது. அறைகள் பெரியவை, பராமரிப்புக் கட்டணமும் மிகக் குறைவு. எதை வாங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பதினோரு ஆண்டுச் சேமிப்பு என்பது சாதாரணமல்ல. உங்கள் இருவரையும் நினைத்து மனம் நெகிழ்ந்தது. அதே கடிதத்தில் “பராமரிப்புக் கட்டணமும் மிகக் குறைவு” என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

நீச்சல் குளத்தை விடுங்கள். அறையின் அளவை உங்கள் கட்டிலும் பீரோவும் சொல்லும். முப்பது வருடக் கட்டடத்தில் கட்டணம் ஏன் குறைவாக இருக்கிறது என்று யாரையாவது கேட்டீர்களா? லிஃப்டுக்கும் பம்புக்கும் குழாய்களுக்கும் வயதாகிறது. செலவு ஏற வேண்டிய காலத்தில் கட்டணம் ஏறவில்லை என்றால், செய்ய வேண்டிய வேலை எதையோ செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் கடன் வீட்டோடு சேர்ந்து உங்கள் தலையில் வந்து விழும்.

எங்கள் கட்டடத்திலும் கட்டணம் குறைவுதான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். மொட்டை மாடியில் தண்ணீர் இறங்குகிறது, பூச்சைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று மேல்மாடியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் எழுந்து சொல்வார். அவர் எழுந்தாலே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மூன்று ஆண்டுகள் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். என் வீடு முதல் மாடியில் இருந்தது.

ஒரு மழை இரவில் அவருடைய படுக்கையறைக் கூரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்ததால் பிழைத்தார். தலையணை மேல் கிடந்த துண்டை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. கம்பி படிந்திருந்த தடம் அதில் பழுப்பு வாய்க்காலாக ஓடியது. மேலே வெளியே தெரிந்த கம்பியை விரலால் தொட்டேன். ஏடு ஏடாக உதிர்ந்தது. அந்த அம்மா எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. தலையணை உறையை உதறி, மடித்துக்கொண்டிருந்தார்.

கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கும். அது கம்பியை எட்டும்போது ஈரமும் கூடச் சேர்ந்தால் துரு ஏறும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். உள்ளே இடம் ஏது? கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். தட்டிப் பார்த்தால், பிளவு விட்ட இடம் பொள்ளென்று ஒலிக்கும். வீடு பார்க்கப் போகிறவர்கள் குளியலறை ஓட்டின் நிறத்தைப் பார்க்கிறார்கள். வாகன நிறுத்தத்தில் தலையை நிமிர்த்தி மேல்தளத்தைப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 1981இல் கட்டிய பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத் தளம் வாட்டமில்லாமல் சமமாக இருப்பதால் தண்ணீர் வடியவில்லை, கீழேயுள்ள கான்கிரீட் கெடுகிறது என்று பொறியாளர் 2018இலேயே எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுக்கான பெருஞ்செலவைப் பற்றிக் குடியிருப்போரிடையே வாக்குவாதம் நீண்டது. முழு வேலையும் தொடங்கும் முன்பே கட்டடம் போய்விட்டது. அந்த மாநிலம் மறு ஆண்டே, கட்டடத்தின் உறுதிக்கான இருப்பு நிதியை, அதாவது பெரும் பழுதுகளுக்கென்று முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பணத்தை, உரிமையாளர்கள் வாக்களித்துத் தட்டிக்கழிக்க முடியாதபடி சட்டம் இயற்றியது.

புதியதை வாங்கினால் கவலை இல்லையா என்பீர்கள். அங்கே குறை தெரியவே சில மழைக்காலங்கள் ஆகும். கட்டியவர் பொறுப்பேற்கும் காலம் முடிவதற்குள் ஒவ்வொரு விரிசலையும் கசிவையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். விற்பதற்காகக் குறைத்துச் சொன்ன கட்டணம் பிறகு ஏறத்தான் செய்யும். அது ஏறுவதே நல்லது.

பழைய கட்டடத்தின் சங்கச் செயலாளரிடம் கடைசி ஐந்து ஆண்டுகளின் கூட்டக் குறிப்பேட்டையும் இருப்பு நிதிக் கணக்கையும் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம். தந்தால், நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். “ஒத்திவைக்கப்பட்டது” என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். எங்கள் குறிப்பேட்டில் மூன்று பக்கங்களில் அது இருக்கிறது. மூன்றின் அடியிலும் என் கையெழுத்து இருக்கிறது.