வீட்டில் எத்தனை ரௌட்டரும் இருக்கலாம்: கேள்வி பதில்

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேபிள் இழுத்துத் திரிகிற ஆள் நான். ஆட்கள் கேட்டவற்றில் சிலதுக்குப் பதில் கீழே, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு.

ஆரையம்பதி: அண்ணா, மேல்மாடிக்கு இன்னொரு ரௌட்டர் வாங்கிப் போட்டோம். நெட் வேலை செய்யுது. ஆனா கீழே இருக்கிற பிரின்டர் மேலே போனில் காட்டுதில்லை.

தங்கச்சி, கீழ் ரௌட்டரிலிருந்து வந்த வயரை மேல் ரௌட்டரில் இன்டர்நெட் என்று எழுதின போர்ட்டில்தானே குத்தியிருக்கீங்க? அப்படிக் குத்தினால் மேல்மாடி தனி நெட்வேர்க் ஆகிவிடும். பிரின்டரைத் தேடி போன் விடுகிற குரல் அந்த ரௌட்டரைத் தாண்டிக் கீழே போகாது. ஒரு வீட்டில் ரௌட்டர் எத்தனையும் இருக்கலாம், ஆனால் ஐபி முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் நெட்வேர்க்கில் கிடைக்கிற எண்) கொடுக்கிறது ஒன்று மட்டும்தான் இருக்க வேணும்.

மேல் ரௌட்டரின் செட்டிங்கில் 'அக்சஸ் பொயின்ட் மோட்' இருந்தால் அதைப் போடுங்க, வேலை முடிந்தது. இல்லையென்றால் முதலில் அந்த வயரைக் கழற்றிவிட்டு, மேல் ரௌட்டரை லப்டொப்பில் தனியாக இணையுங்க. கீழே உள்ளது 192.168.1.1 என்றால் மேலே உள்ளதுக்கு 192.168.1.2 கொடுங்க. டிஎச்சிபியை, அதாவது தானாக முகவரி கொடுக்கிற வேலையை, நிறுத்துங்க. மறுகா கீழிருந்து வருகிற வயரை லேன் போர்ட் (வீட்டுக் கருவிகளை மாட்டுகிற போர்ட்) ஒன்றில் குத்துங்க. இன்டர்நெட் போர்ட் சும்மா கிடக்கட்டும். கீழ் ரௌட்டரிலும் ஒரு வேலை இருக்கு: அது முகவரி கொடுக்கத் தொடங்குகிற இடத்தை 192.168.1.10க்கு மாற்றுங்க. இல்லாவிட்டால் அந்த 2ஐ யாரோ ஒருவரின் போனுக்கும் கொடுத்துவிடும், பிறகு சண்டைதான்.

காத்தான்குடி: தம்பி, 300 எம்பி பெக்கேஜுக்குக் காசு கட்டுறன். நெட்வேர்க் சுவிட்ச்சில் (ஒரு வயரைப் பல கருவிகளுக்குப் பிரிக்கிற பெட்டி) மாட்டின கம்பியூட்டரில் 94க்கு மேலே ஏறுதில்லை.

காக்கா, 94 என்ற எண்ணே காட்டிக்கொடுக்குது. நடுவில் எங்கேயோ 100 எம்பி இணைப்பு இருக்கு. சுவிட்ச்சின் அடியில் 10/100 என்று அடித்திருந்தால் அதை மாற்றுங்க, கிகாபிட் (1000 எம்பி) சுவிட்ச் வேணும். சுவிட்ச் சரியென்றால் வயரைப் பாருங்க. கிகாபிட்டுக்கு எட்டு வயரும் தொட வேணும். நாலு போதும் என்று கிளிப் அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடற்கரைப் பக்க வீடென்றால் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. செப்புக் கம்பியில் பச்சை பூத்திருந்தால் வெட்டிப் புதுக் கிளிப் அடிக்க வேண்டியதுதான்.

கல்முனை: வீடு கூட்டித் துடைத்த பிறகு முழு வீட்டிலும் நெட் இல்லை. சுவிட்ச்சில் எல்லா லைட்டும் ஒரேயடியாக மின்னுது.

தொங்கிக்கொண்டிருந்த வயரைப் பார்த்து, பாவம் கழன்றுவிட்டது என்று யாரோ திரும்பக் குத்தியிருப்பார்கள். ஒரே வயரின் இரண்டு தலையும் ஒரே சுவிட்ச்சில். அனுப்பின தகவல் சுற்றிச் சுற்றி ஓடி எல்லாத்தையும் அடைத்துவிடும். மலிவு சுவிட்ச்சுகளுக்கு இதைத் தடுக்கத் தெரியாது. எல்லாத்தையும் கழற்றி ஒவ்வொன்றாகக் குத்துங்க. எதைக் குத்தும்போது லைட்டுகள் பைத்தியமாகுதோ அதுதான் ஆள்.

வாழைச்சேனை: ஒரே வளவில் அம்மாவின் வீடு 40 மீற்றர் தள்ளி. வயர் இழுக்கலாமா?

தூரம் பிரச்சினையில்லை, கேட் 6 வயர் 100 மீற்றர் வரை போகும். பயம் மின்னலுக்கு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடி எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரத்தில் விழத் தேவையில்லை, பக்கத்தில் விழுந்தாலே செப்பு வயர் வழியாக இரண்டு வீட்டுச் சுவிட்ச்சும் சேர்ந்து போகும். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் நான் செப்பு போடுவதே இல்லை. இரண்டு பக்கமும் தலை அடித்த ஃபைபர் கேபிளும், ஒரு சோடி மீடியா கன்வேட்டரும் (ஃபைபரின் ஒளியைச் செப்பு வயருக்கு மாற்றுகிற பெட்டி) வாங்குங்க. கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. தாங்குவதற்காகக் கூடவே இரும்புக் கம்பி ஓடுகிற கேபிள் என்றால், அந்தக் கம்பியை வீட்டுக்குள் கொண்டு வராதீங்க. கடைக்காரர் 'இதெல்லாம் எதுக்கு, சும்மா வயர் போடுங்க' என்பார். போன மழைக்கு எத்தனை சுவிட்ச் விற்றார் என்று அவரிடமே கேளுங்க.

அக்கரைப்பற்று: மெஷ் (வயர் இல்லாமல் ஒன்றோடொன்று பேசுகிற வைஃபை பெட்டிகள்) வாங்கினால் வயர் வேலை மிச்சம்தானே?

மிச்சம்தான், ஆனால் கொங்கிரீட் தட்டுக்கு அங்காலே 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை சிக்னல் மெலிந்துதான் போய்ச் சேரும். மெஷ் பெட்டிகளுக்கும் வயர் குத்தலாம். குத்தினால் நல்லாக ஓடும்.

திருக்கோவில்: சேர், கீழ், மேல் ரௌட்டர் இரண்டின் வைஃபைக்கும் ஒரே பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், பாஸ்வேர்ட்டும் ஒன்றாக இருக்கட்டும். சனல் மட்டும் வேறு வேறு: 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றுக்கு 1, மற்றதுக்கு 6 அல்லது 11.

செங்கலடி: கரண்ட் போனால் ரௌட்டருக்கு மினி யூபிஎஸ் போட்டும் மேலே நெட் வருதில்லை.

நடுவில் இருக்கிற சுவிட்ச்சுக்கும், மேல் ரௌட்டருக்கும் யார் கரண்ட் கொடுப்பது? அவற்றுக்கும் ஒவ்வொன்று வேணும். வாங்க முதல் அடாப்டரைத் திருப்பிப் பாருங்க: ரௌட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும், சின்னச் சுவிட்ச் 5 வோல்ட்டாக இருக்கலாம். மாறிக் குத்தினால் சுவிட்ச் புகைந்துவிடும்.