மகனின் பேஸ்பால் போனஸ்: வீட்டுக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். என் மகனுக்கு 21 வயது, பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து எறிபவன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறான். அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் இந்த டிராஃப்டில், உச்ச நிலையான மேஜர் லீக்கின் ஓர் அணி அவனை எடுத்திருக்கிறது. போனஸ் 4 லட்சம் டாலர், கையெழுத்து அடுத்த வாரம். எங்கள் வீட்டுக் கடனில் மீதமுள்ள 2,10,000 டாலரை அடைத்துவிடுகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். 2021-இல் 2.75 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் அது. அவன் நண்பர்கள் பயிற்சிக் கூடம் தொடங்கப் போகிறார்கள். அதில் பங்கு போட்டு, வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வாழ்த்துகள் அம்மா. விடியற்காலையில் எழுந்து அவனை மைதானம் மைதானமாகக் காரில் கூட்டிப்போன வருடங்கள் உங்களுக்குத்தான் தெரியும். அவன் உங்களுக்குச் செய்ய நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் இப்போது அதை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

காரணம், அந்த 4 லட்சம் முழுதாகக் கைக்கு வராது. போனஸிலிருந்து மத்திய வருமான வரிக்கு 22 சதவீதம், அதாவது 88,000 டாலர் பிடிப்பார்கள். வரி அத்தோடு முடிந்தது என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். 2025 விகிதப்படி, தனிநபருக்கு இந்தத் தொகைக்கு வரும் வரி சுமார் 1,04,000. மீதி 16,000-ஐ அடுத்த ஏப்ரல் 15-க்குள் கட்ட வேண்டும். ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் என்ற இரண்டு வரியும் சேர்ந்து 18,000-க்கு மேல், நியூஜெர்சி வரி 23,000 அளவில். ஏஜெண்டுக்கு 5 சதவீதம் என்றால் இன்னொரு 20,000. அதை மத்திய வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. கடைசியில் கையில் நிற்பது 2,34,000 சுற்றி. கடனை அடைத்தால் அவனுக்கு மிஞ்சுவது 24,000 டாலர்.

அதை வைத்துக்கொண்டு அவன் போய் நிற்கப்போவது மேஜர் லீக்குக்குக் கீழே படிப்படியாக இருக்கும் மைனர் லீக்கில். 2023-இல் முதன்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தபோது நிர்ணயித்த ஆண்டுச் சம்பளமே ஹை-ஏ நிலையில் 27,300 டாலர்தான், டபுள்-ஏ-யில் 30,250, மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழான டிரிபிள்-ஏ-யிலேயே 35,800. மேலே ஏறிவிட்டால் குறைந்தபட்சச் சம்பளமே 7 லட்சத்துக்கு மேல். ஆனால் எப்போது ஏறுவான் என்று யாராலும் சொல்ல முடியாது. 2013 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிட்சர் மார்க் அப்பெல் 63.5 லட்சம் டாலர் போனஸ் வாங்கினார். மேஜர் லீக்கில் முதல் பந்தை எறிந்தது 2022 ஜூனில், 30 வயதுக்காரராக.

பிரையன் டெய்லரின் கதையை நீங்களும் உங்கள் மகனும் சேர்ந்து படியுங்கள். 1991-இல் நியூயார்க் யாங்கீஸ் முதல் ஆளாக எடுத்த இடதுகைப் பையன். அணி முதலில் 3 லட்சம்தான் தருவதாகச் சொன்னது. அவருடைய அம்மா அசைந்து கொடுக்கவில்லை, 15.5 லட்சம் வாங்கிக் கொடுத்தார். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் எறியும் கையின் தோள் கிழிந்தது. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியாமல் ஆட்டம் முடிந்தது. பின்னாளில் அப்பாவோடு செங்கல் அடுக்கும் வேலைக்குப் போனார். பிட்சரின் வருமானம் முழுக்க ஒரு தோளிலும் ஒரு முழங்கையிலும் தொங்குகிறது. முழங்கைத் தசைநார் அறுந்து டாமி ஜான் அறுவைசிகிச்சை செய்தால், எல்லாம் சரியாக நடந்தாலும் ஓராண்டுக்கு மேல் களத்துக்கு வெளியேதான்.

ஜாமீன் கையெழுத்து வேண்டவே வேண்டாம். மேஜர் லீக் பிட்சர் கர்ட் ஷில்லிங் தன் ஆட்டக் காலத்தில் 10 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர். வீடியோ கேம் தயாரிக்க 38 ஸ்டூடியோஸ் என்று நிறுவனம் தொடங்கினார். ரோட் ஐலண்ட் மாநிலம் 7.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. 2012-இல் நிறுவனம் திவாலானது. சொந்தப் பணம் 5 கோடி போனதாக அவரே சொன்னார். வங்கிக் கடனுக்குத் தன் பெயரில் உத்தரவாதமும் கொடுத்திருந்தார். மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 2004-இல் ரத்தக் கறையோடு அவர் அணிந்து ஆடிய காலுறை, திவாலுக்கு மறு ஆண்டே, 2013-இல், 92,613 டாலருக்கு ஏலம் போனது. அவ்வளவு இருந்தவருக்கே அந்த நிலை. உங்கள் மகனுக்கு நண்பர்களை விட மனசில்லை என்றால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கிற ஒரு சிறு தொகையைப் பங்காகப் போடட்டும். 5,000 டாலருக்கு மேல் வேண்டாம்.

மறுபக்கம் பிட்சர் புரூஸ் சட்டரைப் பாருங்கள். 1984 இறுதியில் அட்லாண்டா பிரேவ்ஸுடன் ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது, 48 லட்சம் டாலரைச் சம்பளமாக வாங்கிக்கொண்டு, இன்னொரு 48 லட்சத்தை 13 சதவீத வட்டியில் ஒத்திவைத்தார். கொஞ்ச நாளிலேயே தோள் போனது, 1987 முழுக்க ஆடவில்லை, 1988-உடன் விலகினார். ஆனால் ஆண்டுக்கு 13 லட்சம் அளவில் 30 ஆண்டு வரும்படி அந்தப் பணம் கட்டப்பட்டிருந்தது. இன்று அந்த வட்டி கிடைக்காது. உங்கள் மகனுக்கு அப்படி ஒரு பேரமும் அமையாது. அதே வேலையைச் சிறிய அளவில் அவனே செய்துகொள்ளலாம்.

ஏப்ரலில் கட்ட வேண்டிய வரியைத் தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடட்டும். அடுத்த மூன்று ஆண்டுச் சம்பளப் பற்றாக்குறைக்கு 60,000 டாலரை அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் வைக்கட்டும். பழைய கார் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். மிச்சம் ஒன்றரை லட்சம் அளவில் அவன் பெயரிலேயே செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டுக்கு, அதாவது பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் நிதிக்குப் போகட்டும். இந்த ஆண்டு வருமானம் அதிகம் என்பதால் ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கில் நேரடியாகப் போட முடியாது. அடுத்த ஆண்டு மைனர் லீக் சம்பளம் மட்டும் என்றால் அந்தக் கதவு திறக்கும். அனுமதித்த உச்சவரம்பு வரை ஆண்டுதோறும் போடட்டும். 2.75 சதவீதக் கடனை நீங்கள் வழக்கம்போல் மாதாமாதம் கட்டி வாருங்கள். அவன் மேஜர் லீக்கில் ஒரு முழு சீசன் ஆடிய பிறகும் அதே ஆசை இருந்தால், அப்போது மறுக்காதீர்கள்.

அடுத்த வாரக் கையெழுத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பாதியில் விட்ட படிப்புக்கு அணி பணம் தரும் ஷரத்தை முதல் ஒப்பந்தத்திலேயே சேர்க்க முடியும். ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எத்தனை செமஸ்டர், செமஸ்டருக்கு எத்தனை டாலர் என்று எண்ணாகவே எழுதித் தரச்சொல்லி ஏஜெண்டிடம் இன்றே பேசுங்கள்.