லேசிக், பிஆர்கே, ஸ்மைல்: இதில் எதைத் தேர்ந்தெடுப்பது, நல்ல மருத்துவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணாடி போடாமல் பார்ப்பதற்காகச் செய்கிற இந்த மூன்று லேசர் அறுவைகளைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்து, ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழம்பிப்போய்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. என் கண்ணுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. முதலில் போன இடத்தில் மருத்துவரைப் பார்க்கும் முன்பே ஆலோசகர் ஒருவர் உட்கார வைத்து, ஸ்மைல்தான் புதுசு, மறுநாளே வேலைக்குப் போகலாம், இந்த வாரமே தேதி தருகிறோம் என்றார். அன்று காலை வரை நான் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தேன், அதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. லென்ஸ், கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் படலமான கார்னியாவின் வளைவையே மாற்றிவிடும், நிறுத்திச் சில நாள் கழித்துத்தான் அளவெடுக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

இரண்டாவது மருத்துவர் இரண்டு வாரம் லென்ஸ் போடாமல் வரச் சொன்னார். ஸ்கேன் எடுத்ததும் திரையை என் பக்கம் திருப்பி, ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் கழித்தல் கணக்குப் போட்டார். என் கார்னியாவின் தடிமன் 480 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பொதுவாக 540 பக்கம் இருக்குமாம். லேசிக்கில் கார்னியாவின் மேல்பகுதியை வெட்டித் திறக்கிற மடலுக்கு 110, லேசர் செதுக்குவதற்கு ஒரு பவருக்குச் சுமார் 14 வீதம் 84, மிச்சம் 286. "250 போதும் என்பார்கள், நான் 300க்குக் கீழே இறங்க மாட்டேன்" என்றார். ஸ்மைலும் வேண்டாம், மடல் வெட்டாத பிஆர்கே செய்யலாம், ஆனால் வலிக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும் என்பதையும் அவரே சொன்னார். அவரிடமே பிஆர்கே செய்துகொள்வது என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன்.

வலித்தது. இரண்டாம் நாள் ராத்திரி கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி இருந்தது, அறுவைக்குப் பின் கண் மேல் வைத்த பாதுகாப்பு லென்ஸுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. லேசர்தானே, பத்து நிமிஷ வேலைதானே என்று என் மேலாளர் மூன்று நாளுக்கு மேல் விடுப்பே தரவில்லை. நாலாம் நாள் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிய, கண்ணைத் துடைத்துக்கொண்டே கணினி முன் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் கட்டு இல்லையென்றால் நோயே இல்லை என்று நினைக்கிறவர்களிடம் என்ன பேசுவது?

ஸ்மைல் செய்து நன்றாக இருப்பவர்கள் கோபப்பட வேண்டாம், அதைக் குறை சொல்லவில்லை. எந்த முறை என்பதை உங்கள் கார்னியாதான் சொல்லும், அதனால் முதலில் மருத்துவரைத் தேடுங்கள். ஒரே முறையை மட்டும் செய்பவர் அதைத்தான் சொல்வார். எல்லா முறையும் செய்கிற, தேவைப்பட்டால் "உங்களுக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்புகிற ஆளாகப் பாருங்கள். லேசருக்குப் பின் எத்தனை மைக்ரான் மிஞ்சும், கண் வறட்சி சோதித்தீர்களா, அப்புறம் தொந்தரவு வந்தால் நீங்களே பார்ப்பீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள்.

அளவு ரிப்போர்ட்டின் பிரதியை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வயதான பிறகு கண்புரை அறுவை வந்தால் உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்கிட அந்தப் பழைய எண்கள் உதவும்.