உயிரினங்களின் அறிவியல் பெயர்களை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? பிள்ளைகள் மனப்பாடம் செய்வது வீண்தானே?

நீங்கள் அலுத்துக்கொள்வதைப் பார்த்தால், வீட்டில் உயிரியல் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் விலங்கியல் பட்டதாரி அல்லன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்துக்காரனுக்கு லத்தீன் எதற்கு என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கட்டும்.

படமெடுக்கும் பாம்பு எதுவானாலும் எங்கள் தோட்டத்தில் அது நாகம்தான். குலை வெட்டுபவர்கள் ஒருமுறை அடித்துக் கொண்டுவந்து போட்டதைக் குச்சியால் புரட்டிப் பார்த்தேன். உச்சந்தலைக்குப் பின்னால் இரண்டு பெரிய செதில்கள் ஒட்டினாற்போல் இருந்தன. அவை ராஜநாகத்துக்கு மட்டுமே உண்டு, மற்ற நாகங்களுக்குக் கிடையா. இதுபோன்ற வேறுபாடுகளால்தான் நம் பக்கத்து மற்ற நாகங்கள் 'நாஜா' பேரினத்திலும் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) ராஜநாகம் 'ஒபியோபேகஸ்' என்ற தனிப் பேரினத்திலும் வைக்கப்பட்டுள்ளன. ஒன்றின் கடிக்கான நஞ்சுமுறி மருந்தை மற்றொன்றுக்கு நம்பிப் போட முடியாது என்பதால், இதை வெறும் ஏட்டுப் பாகுபாடு என்று தள்ளிவிடாதீர்கள்.

மாற்றங்களும் மனம்போன போக்கில் நடப்பவை அல்ல. 1836-இல் கேன்டர் என்ற ஆய்வாளர் ராஜநாகத்துக்கு 'ஹமாட்ரியாஸ் ஹன்னா' (முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம்) என்று பெயரிட்டார். ஆனால் ஹமாட்ரியாஸ் என்பது ஏற்கெனவே ஒரு பட்டாம்பூச்சிப் பேரினத்தின் பெயராக இருந்தது. விலங்குலகில் இரண்டு பேரினங்கள் ஒரே பெயரைத் தாங்கக் கூடாது என்பது விதி. அதனால் அந்தப் பேரினப் பெயர் போய், 1864-இல் குந்தர் என்ற விலங்கியலாளர் வைத்த 'ஒபியோபேகஸ்' இன்றுவரை நிற்கிறது. 2024-இல் மரபணுவையும் உடற்பட்டைகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், ஒன்றென நினைத்ததை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது 'காளிங்கா' என்று புதுப்பெயர் பெற்றது. நம் மலாய் தீபகற்பத்தில் இருப்பதற்கோ, 1837-இல் ஷ்லேகல் என்ற விலங்கியலாளர் வைத்து, பிறகு ஹன்னாவின் மறுபெயர் என்று ஒதுக்கப்பட்ட 'புங்காரஸ்' திரும்ப வந்தது. பழைய பெயர் ஒன்று பொருந்துமானால் புதிதாகச் சூட்ட விதி இடம் தராது. ஆகவே பெயர் மாறுகிறது என்றால் உறவுமுறை இன்னும் தெளிவாகிறது என்று கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை படித்தது வீணாகவில்லை.

என் மனக்குறை வேறு. எங்கள் தோட்ட அலுவலகத்து எச்சரிக்கைப் பலகையில், விரித்த படத்தின் பின்புறம் மூக்குக்கண்ணாடிக் குறி போட்ட இந்திய நாகம்தான் இருக்கிறது. அந்த 'நாஜா நாஜா' இனம் மலேசியக் காட்டில் வாழ்வதே இல்லை. நம் பக்கத்து நஞ்சு உமிழும் நாகமான 'நாஜா சுமத்ரானா'வுக்கு அந்தக் குறி இருக்காது. கண்ணாடிக் குறியைத் தேடிப் பழகிய புது ஆள், குறியில்லாத கறுப்புப் பாம்பைச் சாரை என்று எண்ணி நெருங்கினால் என்ன ஆகும் என்று நிர்வாகத்திடம் கேட்டேன். பாம்பு என்றால் பாம்புதானே ஐயா என்று பதில் வந்தது.