மழைக்கு முன் என்ன வாங்கலாம்? வாசகர் கேள்வி-பதில்

ஆன்லைனில் ‘எமர்ஜென்சி கிட்’ பார்த்தேன். 120 பொருள்கள், 4,999 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாங்கலாமா? (வேளச்சேரி)

வேண்டாம். அந்த 120 என்னென்ன என்று பட்டியலைப் படியுங்கள். பிளாஸ்டரையும் சேஃப்டி பின்னையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்த்திருப்பார்கள். திசைகாட்டியும் மடக்கு மண்வெட்டியும் காட்டுக்குப் போகிறவருக்குத் தேவை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் பகுதி தவித்தது குடிநீருக்கும் பாலுக்கும் போன் சார்ஜுக்கும்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று மூன்று நாள் கணக்குப் போட்டால் 36 லிட்டர், அதாவது இரண்டு கேன். அப்புறம் டார்ச், உதிரி பேட்டரி, ஒரு சின்ன ரேடியோ, வழக்கமான மாத்திரைகள், சமைக்காமல் சாப்பிட அவலும் பிஸ்கட்டும். ஆதார், பத்திரம், இன்சூரன்ஸ் நகல்களைத் தண்ணீர் புகாத கவரில் போட்டுப் பரண்மேல் வையுங்கள். டவர் போனால் ஜிபே கிடையாது, அதனால் சில்லறை நோட்டாக ரொக்கமும் வேண்டும். எல்லாமே தெருமுனைக் கடையில் கிடைக்கும்.

50,000 எம்ஏஎச் பவர் பேங்க் 599 ரூபாய்க்குத் தருகிறார்கள். நம்பலாமா? (தாம்பரம்)

நம்பாதீர்கள். இப்படி நடைபாதைக் கடையில் வாங்கிய ஒன்றை நான் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு பேட்டரி செல், பக்கத்தில் எடைக்காக ஒட்டிய மணல் பொட்டலம். 10,000 என்று போட்ட நல்ல பவர் பேங்க்கே 5,000 பேட்டரி உள்ள போனைச் சுமார் ஒன்றரை முறைதான் நிரப்பும். பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். கடையில் நின்றபடியே அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள். கம்பெனி பெயர் பொருந்தவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

போன வருடம் வாங்கிய டார்ச் எரியவில்லை. பில் இல்லை, பெட்டி இல்லை, எந்தக் கடை என்றும் ஞாபகமில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (அம்பத்தூர்)

கிடைக்காது. பில் வாங்குங்கள் என்று இந்தக் கேள்வி-பதில் பகுதியில் எத்தனை முறைதான் எழுதுவது?

மருந்துக்கடையில் ஓஆர்எஸ் கேட்டேன். ஆரஞ்சு சுவையில் டெட்ரா பேக் தந்தார்கள். மழைக்காலத்துக்கென்று பத்து வாங்கி வைத்திருக்கிறேன். சரிதானே? (கடலூர்)

சரியில்லை, ஆனால் தப்பு உங்களுடையது அல்ல. வெள்ளம் வடிந்ததும் வயிற்றுப்போக்கு வரும், அதில் முதலில் வாடுவது குழந்தைகள். அவர்களுக்கு வேண்டியது உலக சுகாதார நிறுவனம் (டபிள்யூஎச்ஓ) வகுத்த கலவை. 20.5 கிராம் பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், மீதி உப்புகள். உப்பும் குளுக்கோஸும் அந்த அளவில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். சர்க்கரை மிஞ்சினால் குடல் தண்ணீரை வெளியே விடும், போக்கு கூடும். இது தெரிந்தும் இனிப்புப் பானத்தின் நெற்றியில் ‘ஓஆர்எஸ்’ என்று அச்சடித்து மருந்துக்கடை அலமாரியிலேயே வைத்து விற்றார்கள். நோயாளிக் குழந்தையின் அம்மாவிடம் செய்த ஏமாற்று இது. ஐதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பானங்களில் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. கவரில் ‘டபிள்யூஎச்ஓ ஃபார்முலா’ என்றும், ‘ஒரு லிட்டருக்கு’ என்றும் இருக்கிறதா பாருங்கள். பொட்டலத்தைப் பாதி பாதியாகக் கலக்காதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீர் முழு லிட்டரில் கலந்து, 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். கடைக்காரரிடம் பில்லைக் காட்டிப் பணத்தைக் கேளுங்கள், தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள்.

புயலன்று 20 ரூபாய் மெழுகுவத்தி பாக்கெட்டை 60 ரூபாய்க்கு விற்றார்கள். இருட்டில் வேறு வழியில்லாமல் வாங்கினேன். இதற்கெல்லாம் புகார் செய்ய முடியுமா? (முடிச்சூர்)

முடியும், செய்யுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். புயல் என்பதால் அது மாறாது. பாக்கெட்டின் விலை தெரியும் படமும், பணம் அனுப்பிய பதிவும் இருந்தால் போதும். 1915லோ தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவிலோ கொடுக்கலாம். நாற்பது ரூபாய்தானே என்று கூச்சப்படாதீர்கள். உங்களிடம் எடுத்த நாற்பதை அன்று தெரு முழுக்க எடுத்திருப்பார்கள்.

அம்மா இன்சுலின் போடுகிறார். 2018 கஜாவில் பல நாள் கரண்ட் இல்லை. இந்த முறை என்ன வாங்கி வைப்பது? (வேதாரண்யம்)

ஃபிரிட்ஜுக்குப் பதிலாக இரண்டு மண்பானைகள். பெரியதில் ஈர மணல், அதற்குள் சின்னது, அதற்குள் பாலித்தீன் பையில் மருந்து, மேலே ஈரத்துணி. நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்து மணல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் மேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் உதவாது. பிரித்த இன்சுலின் வெயில் படாமல் இருந்தால் பெரும்பாலும் நாலு வாரம் வெளியில் தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள், எவ்வளவு சூடு வரை என்பது உள்ளே வைத்திருக்கும் தாளில் இருக்கும். ஊசியும் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் ஒரு மாதத்துக்கு அக்டோபர் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள், ஸ்ட்ரிப் டப்பாவில் தேதி பார்த்து.