டோவர் கோட்டையும் வெண்பாறைகளும்: வாசகர் கேள்வி, நமது பதில்

கேள்வி: ஜூன் மாதம் லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்கு நானும் கணவரும் செல்கிறோம். இருவருக்கும் அறுபது வயது கடந்துவிட்டது. எனக்கு மூட்டுவலியும் உண்டு. வார நாளில் மகனுக்கு விடுப்புக் கிடைக்காது. நாங்கள் மட்டும் ரயிலில் டோவருக்குப் போய், கோட்டையையும் கடலோர வெண்பாறைகளையும் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கே.கே. நகர், மதுரை

பதில்: தாராளமாக முடியும், அம்மா. ஆனால் இரண்டையும் முழுமையாகப் பார்க்க ஒரு நாள் போதாது. பகலின் பெரும்பகுதியைக் கோட்டைக்குக் கொடுத்துவிட்டு, பாறைகளுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து புறப்படும் அதிவேக ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் டோவர் பிரையரி நிலையத்தில் இறக்கிவிடும். அறுபது வயது நிறைந்தவர்களுக்கான ‘சீனியர் ரயில்கார்டு’ வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வெளிநாட்டிலிருந்து செல்பவர்களும் அதை வாங்கலாம். வார நாள்களில் காலை நெரிசல் நேரத்து ரயில்களில் அந்தச் சலுகை கிடையாது என்பதால், அந்நேரம் கழிந்ததும் வரும் முதல் ரயிலில் ஏறுங்கள். நிலையத்திலிருந்து கோட்டை வாசல் வரை ஏற்றம். உங்கள் மூட்டுவலிக்கு டாக்சிதான் சரி.

அந்தக் கோட்டை ஏன் அங்கே இருக்கிறது என்பதை மேலே நின்று கடலைப் பார்த்ததும் புரிந்துகொள்வீர்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கடல் மிகவும் குறுகும் இடம் அது; அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர், அதாவது தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் உள்ள தொலைவைவிடச் சற்றே அதிகம். வானம் தெளிவாக இருந்தால் பிரெஞ்சுக் கரை கண்ணுக்குத் தெரியும். படையெடுத்து வருபவர் யாராக இருந்தாலும் இந்த வழியே குறுக்குவழி என்பதால், உரோமானியர் காலம் தொட்டு அந்தக் குன்றை யாரும் சும்மா விடவில்லை. உரோமானியர் எழுப்பிய கலங்கரை விளக்கம் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. அதையொட்டியே பழைய சாக்சன் தேவாலயம் இருக்கிறது. நடுவில் நிற்கும் பெருங்கோபுரத்தை இரண்டாம் ஹென்றி மன்னர் 1180-களில் கட்டினார். அதன் சுவர்கள் சில இடங்களில் ஆறு மீட்டருக்கும் மேல் தடிமன். 1216-இல் பிரெஞ்சு இளவரசர் லூயியின் ஆட்கள் வடக்கு வாசலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி ஒரு கோபுரத்தைச் சரித்தபோது, ஹியூபர்ட் டி பர்க் தலைமையில் உள்ளே இருந்தவர்கள் அந்த உடைப்பை மரங்களைக் கொண்டு அடைத்து, கோட்டையைக் காப்பாற்றினார்கள். மதுரையின் கோட்டை மதிலை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்துத் தெருக்களாக்கிவிட்டு, எஞ்சிய மேற்கு வாசலைப் பேருந்து நெரிசலுக்கு நடுவே கடந்து செல்லும் நமக்கு, ஒரு கோட்டை முழுவதுமாக நிற்பதைக் காண்பது மனத்தைத் தொடும் அனுபவம்.

இருந்தாலும் உள்ளே போனதும் கோபுரத்துக்குச் செல்லாதீர்கள். முதலில் சுரங்கப்பாதைகளைப் பார்த்துவிடுங்கள். அங்கே குழு குழுவாகத்தான் அனுமதிப்பார்கள், நேரமாக ஆக வரிசை நீளும். நெப்போலியன் காலத்தில் படைவீரர்கள் தங்குவதற்காகப் பாறையைக் குடைந்து உருவாக்கிய இந்தச் சுரங்கங்களில் இருந்துதான், இரண்டாம் உலகப்போரின்போது, 1940-இல், வைஸ் அட்மிரல் பெர்ட்ரம் ராம்சே டன்கர்க் மீட்பை, அதாவது பிரான்சின் டன்கர்க் கரையில் ஜெர்மானியரிடம் சிக்கிய நேச நாட்டு வீரர்களை மீட்கும் பணியை நடத்தினார். மே 26 முதல் ஜூன் 4 வரை, 3,38,000-க்கும் அதிகமான வீரர்கள் கடல்வழியாக மீட்கப்பட்டார்கள். பிரான்சில் பணியாற்றிய இந்தியப் படையின் கோவேறு கழுதைப் பிரிவினரும் அவர்களில் உண்டு. நம் பாடப்புத்தகங்கள் அவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். கோபுரத்தின் உச்சிக்குச் சுழற்படிகளில் ஏறித்தான் செல்ல வேண்டும். கணவர் ஏறிவரட்டும், நீங்கள் கீழ்த்தளத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மாலையில் டாக்சி பிடித்து, துறைமுகத்துக்கு மேலே நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கும் பாறைப்பகுதிக்குச் செல்லுங்கள். அங்கிருந்து சவுத் ஃபோர்லேண்ட் கலங்கரை விளக்கம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். முழுவதும் நடக்க வேண்டாம். முதல் வளைவைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாலே வெண்பாறையின் முகம் தெரிந்துவிடும். விளிம்பில் தடுப்புக் கிடையாது, மண்ணும் உறுதியானது அல்ல. படம் எடுக்கும் ஆசையில் அருகே போகவே கூடாது. ஜூன் மாதமானாலும் காற்று பலமாக வீசும் என்பதால் சேலைக்கு மேல் கோட்டு அவசியம். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போங்கள், புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

கேள்வி: டோவர் பாறைகள் ஏன் வெள்ளையாக இருக்கின்றன? செடிகொடிகள் ஏன் அவற்றை மூடவில்லை?
– பள்ளி மாணவர், மேலூர்

பதில்: டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் அந்த நிலம் கடலடியில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத பாசி உயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகியதே அந்தப் பாறை. இடையிடையே கறுப்புக் கோடுகளாகத் தெரிபவை சிக்கிமுக்கிக் கற்கள். அதே காலத்தில் நம் அரியலூர்ப் பகுதியும் கடலாகத்தான் இருந்தது. அங்குள்ள சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தருவது அந்தக் கடலின் படிவுகள்தான். ஒருமுறை ஆசிரியருடன் சென்று அங்குள்ள புதைபடிவங்களைப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி அருமையானது. அலையும் மழையும் உறைபனியும் பாறையை அரித்துக்கொண்டே இருப்பதால், செடி வேர்பிடிக்கும் முன்பே மேற்பரப்பு உதிர்ந்து புது வெள்ளை வெளிப்படுகிறது. 2012-இல் ஒரு பெரும்பகுதி அப்படியே கடலில் சரிந்தது. துறைமுகச் சுவர் அலையைத் தடுக்கும் இடத்தில் மட்டும் பாறையில் பச்சை படர்ந்திருக்கிறது.

கேள்வி: டிசம்பரில் போனால் பார்க்க முடியுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அப்போது மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், கோட்டை திறந்திருக்கும் நாள்களும் நேரமும் குறையும். கோட்டையைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் இணையதளத்தில் தேதியைச் சரிபார்த்த பிறகே ரயில் சீட்டு வாங்குங்கள். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியுமென்றால் கோட்டையைத் தேர்ந்தெடுங்கள். மழைக்காலத்தில் பாறைமேல் பாதை வழுக்கும்.