நல்ல சாப்பாடு காசநோயைத் தடுக்குமா?

"காசநோய்க்கு மாத்திரைதானே மருந்து, சத்துணவு கொடுத்தால் நோய் வராமல் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு தடுக்கும். அதற்குச் சரியான ஆதாரம் ஜார்க்கண்டில் கிடைத்தது.

அங்கே 4 மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவர் அனுராக் பார்கவா குழுவோடு சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டிலிருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். பாதிப் பேரை விட்டுவிட்டிருந்தால் அது அநியாயம். வித்தியாசம் குடும்பத்தாரிடம்தான். ஒரு பிரிவில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. இன்னொரு பிரிவில் குடும்பத்தாருக்கு எதுவும் இல்லை. ரேஷன் பை அளவுதான், பெரிய விருந்தெல்லாம் இல்லை! ஆனாலும் உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

காரணம், காசநோய்க் கிருமி உடம்பில் பல வருடம் சும்மா கிடக்கும். அதை அடைத்து வைத்திருப்பவை நோய் எதிர்ப்புச் செல்கள். பட்டினியில் அவை தளர்ந்தால் கிருமி தலைதூக்கும்.

அப்புறம், இதை மாத்திரைக்குப் பதிலாக நினைக்காதீர்கள். நோய் வந்துவிட்டால் மருந்து கட்டாயம், வழக்கமாக 6 மாதம். கூடவே எடையையும் பாருங்கள். முதல் 2 மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடம் இறப்பு நன்றாகவே குறைந்திருந்தது.